பீட் போட்டும் பிஎச் ஏன் இறங்கவில்லை? கருநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் தயாரிக்கும் முறை

இதே இடத்தில் சிக்கி நிற்பவர்கள் பலர் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். தாம்பரத்தில் வீடு. 100 லிட்டர் தொட்டியில் 20 கார்டினல் டெட்ரா மீன்கள். அவற்றின் சொந்த ஆற்றில் இருப்பது போன்ற, மென்மையும் அமிலமும் உள்ள தேநீர் நிற நீரை, அதாவது கருநீரை, அமைக்கப் பார்க்கிறீர்கள். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதன் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, 900; கேஎச் எனப்படும் கார்பனேட் கடினத்தன்மை 14. நர்சரியில் வாங்கிய பீட் மாஸ் (சதுப்பில் பாதி மட்கிய பாசி) இரண்டு கைப்பிடியைத் துணியில் கட்டி ஃபில்டருக்குள் வைத்திருக்கிறீர்கள். மூன்றாம் நாளே தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு வாரம் ஆகியும், பிஎச் எனப்படும் அமில-கார அளவு 7.8-ஐ விட்டு அசையவில்லை. பீட்டை இரட்டிப்பாக்கலாமா, விலை குறைந்த கோகோபீட்டுக்கு மாறலாமா, இல்லையென்றால் சில துளி ஆசிட் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம். பீட் தன் வேலையைச் செய்வதற்கு முன்பே தண்ணீர், சுண்ணாம்பு உப்புகள் குறைந்த மென்னீராக இருந்தாக வேண்டும். உங்கள் தண்ணீர் அப்படி இல்லை. அதனால் பீட்டிலிருந்து நிறம் மட்டும் இறங்கியிருக்கிறது. நிறத்தைக் கண்டு கருநீர் அமைந்துவிட்டது என்று நம்புவதுதான் இந்த முயற்சியில் பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை. நீங்கள் பிஎச்சையும் அளந்து பார்த்திருக்கிறீர்கள் என்பதே நல்ல தொடக்கம்.

கார்டினல் டெட்ராவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறும், மேல் ஒரினோகோவின் கிளையாறுகளும். பிரேசிலின் மனௌஸ் நகரத்துக்கு அருகே ரியோ நீக்ரோவின் கரிய நீரும் சோலிமோயிஸ் ஆற்றின் வண்டல் கலந்த நீரும் சந்தித்து, பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒன்றோடொன்று கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆழத்தில் கறுப்பாகத் தெரியும் அந்த நீரைக் கையில் அள்ளினால் பால் விடாத தேநீர் போல இருக்கும். அதில் சேறு இல்லை, கலங்கலும் இல்லை. அந்த ஆறு வடித்துக்கொண்டு வரும் நிலத்தில் பெரும்பகுதி சத்தற்ற வெண்மணல். விழுந்த இலைகளும் கட்டைகளும் முழுவதும் மட்காமல் ஊறி விடும் ஹ்யூமிக், ஃபல்விக் அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த மணலில் களிமண் இல்லை. ஆகவே அவை அப்படியே ஆற்றில் வந்து சேர்கின்றன. கரைந்து வருவதற்குச் சுண்ணாம்பும் அங்கே ஏறக்குறைய இல்லை. அதன் பிஎச் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். மின்கடத்துத்திறன் ஏறக்குறைய 10 மைக்ரோசீமன்ஸ்தான். உங்கள் டிடிஎஸ் மீட்டரை அந்த ஆற்றில் நனைத்தால் ஒற்றை இலக்கத்தைக் காட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் அது 900-ஐக் காட்டுகிறது. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரிந்துவிடும்.

இந்த ஆறுகள் நெடுநாளாகவே இயற்கை ஆய்வாளர்களை ஈர்த்தவை. 1800-இல் அவ்வழியே பயணம் செய்த ஹம்போல்ட், கருநீர் ஆறுகளின் கரையில் கொசுத் தொல்லை இல்லாததைக் குறித்து வைத்தார். அமேசான் ஆறுகளை வெண்ணீர், நீலநீர், கருநீர் என்று நிறத்தை வைத்துப் பிரித்து எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1852-இல் அவர் ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து, சேகரித்த மாதிரிகளில் பெரும்பகுதி எரிந்துபோனபோதும், ரியோ நீக்ரோ மீன்களை அவர் பென்சிலால் வரைந்த படங்கள் தப்பின. கருநீர் தென் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதும் அன்று. சாக்லேட் குராமியும், பீட்டா மீன்களில் சிறிய சிவப்பு இனங்களும் மலேசிய, இந்தோனேசிய பீட் சதுப்புக் காடுகளைச் சேர்ந்தவை. 2006-இல் சுமத்ராவிலிருந்து விவரிக்கப்பட்ட பீடோசிப்ரிஸ் என்ற மீனில், முதிர்ந்த பெண் மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர்தான். அது வாழும் சதுப்பு நீரின் பிஎச் 3 என்று பதிவாகியிருக்கிறது.

இந்த மீன்கள் அமிலத்தைத் தாங்கிக்கொள்வதில் நிறத்துக்கும் பங்கு உண்டு என்பது கவனிக்கத்தக்கது. பிஎச் மிகக் குறைந்த நீரில் மீனின் செவுள் வழியாக உடலிலுள்ள சோடியம் வெளியே கசியத் தொடங்கும். பல மீன்கள் அதனாலேயே இறக்கின்றன. ரியோ நீக்ரோவின் கரைந்த கரிமப் பொருள்கள் அந்தக் கசிவைக் குறைக்கின்றன என்று அவ்வாற்று மீன்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மென்மை, அமிலம், ஹ்யூமிக் பொருள்கள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது கருநீர். ஆசிட் பாட்டிலால் பிஎச் என்ற எண்ணை இறக்க முடியும். அந்தப் பாதுகாப்பை அதனால் தர முடியாது.

இனி பீட்டுக்கு வருவோம். தமிழில் முற்றா நிலக்கரி என்று சொல்லப்படும் இது, குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்ற பாசி, காற்றுப் புகாத ஈரத்தில் பாதி மட்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாவது. தண்ணீரில் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஹ்யூமிக் பொருள்களை விட்டு நிறம் ஏற்றுவது. மற்றது, கண்ணுக்குத் தெரியாத வேலை: தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன் நார்களில் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுவிப்பது. அப்படி வெளிவரும் ஹைட்ரஜன், தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி வெளியேறுகிறது. இதனால் கடினத்தன்மையும் குறைகிறது, கேஎச்சும் குறைகிறது. கேஎச் தீரும் தறுவாயில்தான் பிஎச் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கத் தொடங்கும்.

உங்கள் தொட்டியில் இது ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். அமிலத்தைச் செரித்துவிடும் ஆற்றலை மில்லி ஈக்குவலன்ட் என்ற அலகால் அளப்பார்கள். கேஎச் 14 என்றால் ஒரு லிட்டரில் 5 அலகு. 100 லிட்டரில் 500 அலகு. உலர்ந்த நல்ல பீட் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஓர் அலகைத்தான் தாங்கும். நடைமுறையில் அதிலும் குறையும். நீங்கள் போட்ட இரண்டு கைப்பிடி உலர்ந்த நிலையில் 50 கிராம் இருக்கலாம். அதாவது 500-க்கு எதிராக 50. கடலில் கரைத்த பெருங்காயம். இரட்டிப்பாக்கினாலும் 100-தான். அதற்குள் ஒரு வாரம் முடிந்து, 25 லிட்டர் கிணற்றுத் தண்ணீரை மாற்றி ஊற்றினால் அதுவே 125 அலகைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு அளவு மாறாதபோது, கேஎச் 14-இலிருந்து பாதியாகி 7-க்கு வந்தால்கூட பிஎச் 0.3 மட்டுமே குறையும். உங்கள் பீட் உழைத்திருக்கலாம். அந்த உழைப்பு மீட்டரில் தெரிய வழியில்லை.

அதே கணக்கை இப்போது மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரோடு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணீரைக் கலந்தால், ஆர்ஓ நீரில் எஞ்சியிருப்பதையும் சேர்த்து கேஎச் 2-ஐ ஒட்டி நிற்கும். 100 லிட்டருக்கு மொத்தம் 70 அலகு. முன்பு எதுவும் செய்யாதது போலத் தோன்றிய அதே பீட், இன்னும் ஒரு கைப்பிடி கூடினால், இந்தத் தண்ணீரில் பிஎச்சை 6-க்குக் கீழே கொண்டுபோகும் வலிமை பெறுகிறது. பீட்டின் அளவைக் கூட்டுவதைவிடத் தண்ணீரின் சுமையைக் குறைப்பது எவ்வளவு எளிது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆர்ஓ தண்ணீர் என்றவுடன் சமையலறைக் கருவியின் குழாயைத் திறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் பல கருவிகளில், சுவைக்காகக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரையே மீண்டும் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். சிலவற்றில் மினரல் அல்லது ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அந்தக் கார்ட்ரிட்ஜ்களில் கால்சியம், மெக்னீசியம் சேர்க்கும் சரளைதான் இருக்கிறது. நீங்கள் நீக்க விரும்புவதை அது திரும்பப் போடுகிறது. மெம்பிரேனிலிருந்து நேரே வரும் குழாயில் தண்ணீர் பிடியுங்கள். டிடிஎஸ் 50-க்குள் இருக்க வேண்டும். கேன் தண்ணீரும் உதவும், ஆனால் ஒவ்வொரு கேனையும் அளந்துதான் ஊற்ற வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உப்புப் போட்டு இயக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் இதற்குப் பயன்படாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. கேஎச் அப்படியே இருக்கும், டிடிஎஸ்ஸும் குறையாது. துணி நன்றாக நுரைக்கும் என்பதால் அது மீனுக்கு மென்னீர் ஆகிவிடாது.

நம் ஊருக்கு வாய்த்த ஒரு நல்ல வழி மழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதல் அரை மணி நேர மழையை விட்டுவிட்டு, கழுவிய தார்ப்பாய் விரித்துப் பிடித்த தண்ணீரில் என் மீட்டர் 20-ஐத் தாண்டியதில்லை. மொட்டைமாடித் தரையில் ஓடிவரும் தண்ணீர் வேண்டாம். சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து கேஎச் ஏறிவிடும். மூடிய டிரம்மில் இருட்டான இடத்தில் வைத்தால் மழைநீர் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

இப்போது கோகோபீட். பெயரில் பீட் இருப்பதால் வந்த குழப்பம் இது. கோகோபீட் என்பது தேங்காய் மட்டையிலிருந்து கயிறு எடுத்தபின் மிஞ்சும் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் அது செங்கல் செங்கலாக அழுத்தி ஏற்றுமதியாகிறது. செடிகளுக்கு மிக நல்ல பொருள்தான். ஆனால் அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் நிறைய உண்டு. அந்த உப்பைப் போக்க, தரமான வகைகளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கிறார்கள். முதல் வகை உங்கள் டிடிஎஸ்ஸை ஏற்றும். இரண்டாம் வகை கால்சியத்தையும் நைட்ரேட்டையும் தொட்டிக்குள் கொண்டுவரும். கொஞ்சம் நிறம் கிடைக்கும் என்பதற்காக இவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஸ்பேக்னம் பீட்டிலும் எல்லா மூட்டையும் ஒன்றல்ல. நர்சரிகளுக்குப் பெரும்பாலும் பால்டிக் நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் பீட்டில், நாற்று வளர்ப்பதற்காகச் சுண்ணாம்பும் உரமும் முன்கூட்டியே கலந்திருப்பது வழக்கம். மூட்டையில் பிஎச் 5.5 முதல் 6.5 என்று அச்சிட்டிருந்தால் சுண்ணாம்பு சேர்த்தது என்று பொருள். கலப்பில்லாத பீட் 3.5 முதல் 4.5 என்று காட்டும். நர்சரிகளில் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்பதால் இதைப் படிக்கக்கூட வாய்ப்பிருக்காது. ஒருமுறை அப்படி வாங்கிய பொட்டலத்தை நம்பி ஒரு மாதம் வீணாக்கியபின், நான் எந்தப் பீட்டையும் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை. சோதனை எளியது. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி பீட்டைப் போட்டு, அவ்வப்போது கலக்கி இரண்டு நாள் வையுங்கள். பிஎச் 5-க்குக் கீழே போயிருக்க வேண்டும். டிடிஎஸ் மிகக் கொஞ்சம்தான் ஏறியிருக்க வேண்டும். 50, 100 என்று ஏறினால் அதில் உரம் இருக்கிறது. நைட்ரேட் சோதனைக் குப்பி இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். மீன் கடைகளில் தொட்டிக்கென்றே விற்கும் குருணை வடிவப் பீட்டில் இந்தத் தொல்லை இல்லை. விலை அதிகம், தூள் பறக்காது.

நீலகிரிச் சதுப்புகளிலும் பீட் உண்டு என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஒரு பை அள்ளிவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்தப் படிவுகளின் அடுக்குகளைப் படித்துத்தான் 20,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிய தென்னிந்தியப் பருவநிலையை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். பீட் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே சேரக்கூடியது. ஒரு கைப்பிடியில் அள்ளுவது பல தலைமுறைகள் சேர்ந்தது. வாங்கும் பீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு கிராம்கூடப் பயன்படுத்தாமல் இருப்பதை நான் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன்.

இனி செய்முறை. பீட்டை நேரே ஃபில்டரில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தொட்டியின் அடியில் பரப்புவதை அறவே தவிர்க்கச் சொல்வேன். தனி டிரம்மில் தண்ணீரைத் தயாரித்து, அளந்து, பிறகு தொட்டிக்குக் கொண்டுபோவதே நல்லது. ஃபில்டருக்குள் இருக்கும் பீட் எப்போது வேலையைத் தொடங்கும், எப்போது தீரும் என்பது உங்கள் கையில் இல்லை; அந்த மாற்றத்தையெல்லாம் மீன்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும். டிரம்மில் தவறு நடந்தால் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

உலர்ந்த பீட் தண்ணீரை எளிதில் ஏற்காது. வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் தவிடு போல மேலேயே மிதக்கும். ஊற்றிய தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருளும். கொதிநீரை ஊற்றி மூடி வைத்து, ஆறியபின் கையால் பிசைந்து பிழிய வேண்டும். முதல் பிழிவில் காப்பி டிகாக்‌ஷன் போன்ற கலங்கல் நீரும் பழுப்பு நுரையும் வரும். புதுமழை விழுந்த காட்டின் வாசம் வரும். இரண்டு, மூன்று முறை ஆர்ஓ நீரில் அலசிப் பிழிந்தால் தூசி போய் நார் மட்டும் நிற்கும். அலசுவதற்குக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தினால், பீட்டின் ஆற்றலில் ஒரு பங்கு வாளியிலேயே தீர்ந்துவிடும். உலர் தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். கையில் வெட்டோ கீறலோ இருந்தால் கையுறை கட்டாயம். ஸ்பேக்னத்தில் காயத்தின் வழியே தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை இருக்க வாய்ப்புண்டு.

அலசிய பீட்டைப் பழைய வேட்டித் துணியிலோ மஸ்லின் பையிலோ தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் தண்ணீர் நுழையாது. 60 லிட்டர் டிரம்மில் மேலே சொன்ன கலவை நீரை நிரப்பி, பையை இறக்கி, அதன் கீழே ஏர் ஸ்டோன் ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள். காற்று இரண்டு வகையில் உதவுகிறது: தண்ணீரைப் பைக்குள் ஓட்டுகிறது, உருவாகும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. 40 கிராம் உலர் பீட்டில் தொடங்கினால் போதும். நாள்தோறும் பிஎச், கேஎச் இரண்டையும் ஒரு தாளில் குறித்துவாருங்கள். முதல் சில நாள்களில் கேஎச் இறங்கும், பிஎச் பெரிதாக மாறாது. பிறகு ஒரு நாள் பிஎச் சட்டென்று 6-ஐ நோக்கிச் சரியும். அந்த நாளைக் கண்ணால் பார்த்துவிட்டீர்களென்றால், மேலே நான் போட்ட கணக்கெல்லாம் உங்களுக்கு மறக்காது. வைத்து வளர்ப்பதற்கு பிஎச் 6 முதல் 6.5, கேஎச் 1, டிடிஎஸ் 100-க்குள் என்ற அளவில் பையை எடுத்துவிடலாம். இனப்பெருக்கத்துக்கு இன்னும் கீழே போக வேண்டும். அது தனித் தொட்டி வேலை.

பை எப்போது தீர்ந்தது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அயனி மாற்றும் ஆற்றல் தீர்ந்தபிறகும் பீட் நிறம் விட்டுக்கொண்டே இருக்கும். புதிய தண்ணீரில் இட்டு ஒரு வாரத்தில் கேஎச் அசையவில்லையென்றால் அது முடிந்தது. பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். தொட்டியின் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஹ்யூமிக் பொருள்களை முதலில் விழுங்குவது அதுதான்.

டிரம் நீர் சரியாக இருந்தும் தொட்டிக்குப் போன சில நாள்களில் பிஎச் ஏறுகிறது என்றால், தொட்டிக்குள் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். சிப்பித் துண்டு கலந்த மணல், பவளக்கல், பளிங்குச் சரளை ஆகியவற்றைப் பலரும் அறிவார்கள். அறியாமல் வைப்பது கடப்பாக் கல். கறுப்பாக, வழவழப்பாக, பாறைக்குகை அமைக்க வசதியாக இருப்பதால், சமையலறை மேடையில் மிஞ்சிய துண்டுகளைத் தொட்டியில் அடுக்குவார்கள், அது சுண்ணாம்புக்கல்லேதான். ஓரத்தைச் சுரண்டி வினிகர் விட்டுப் பாருங்கள், பொரிந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

அளப்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. பேனா வடிவ பிஎச் மீட்டர், உப்பே இல்லாத நீரில் நிலைகொள்ளாமல் அலையும். ஐந்து நிமிடம் வரை அமைதியாகக் காத்திருந்து, இரண்டு முறை பார்த்துக் குறிக்க வேண்டும். சொட்டு மருந்துச் சோதனையில் தண்ணீரின் பழுப்பு நிறமே விடையைக் கெடுக்கும். மருந்து விடாத அதே தொட்டி நீரை இன்னொரு குப்பியில் எடுத்து, வண்ண அட்டைக்கு முன்னால் பிடித்து, அதன் வழியாக வண்ணங்களைப் பார்த்து ஒப்பிட்டால் ஓரளவு சரியாகத் தெரியும்.

ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொட்டியில் முழு ஆர்ஓ நீரை நிரப்பி, கேனிஸ்டர் ஃபில்டரில் புதுப் பீட்டை அடைத்துவிட்டு, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பியபோது கேஎச் பூஜ்யம், பிஎச் 4.6. மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன, இரண்டு இறந்திருந்தன. அந்தப் பதற்றத்தில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். விடிவதற்குள் மேலும் ஒன்பது போய்விட்டன. முதல் இரண்டு மீன்களின் சாவுக்குக் காரணம் என் கவனக்குறைவு. அந்த ஒன்பதுக்கும் காரணம் என் அறியாமை.

நடந்தது இதுதான். பிஎச் 6-க்குக் கீழே போகும்போது, கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடுகின்றன. கழிவு சேருகிறது. ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. 25 பாகை வெப்பத்தில், பிஎச் 6-இல் அதில் ஏறக்குறைய 0.06 சதவீதம்தான் நஞ்சான அம்மோனியா; பிஎச் 8-இல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். நான் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர், சேர்ந்திருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதியை ஒரே இரவில் நஞ்சாக்கியது. ஆகவே கருநீர்த் தொட்டியில் மீன்கள் குறைவாக இருக்க வேண்டும். தீனி குறைவாகப் போட வேண்டும். கேஎச்சை முழுவதும் பூஜ்யத்துக்கு விடாமல் 1-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். எந்த அவசரத்திலும், மாற்றும் தண்ணீர் தொட்டி நீரின் பிஎச்சுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அதற்காகவே டிரம்மில் எப்போதும் 30 லிட்டர் தயார்நிலையில் இருக்கட்டும். மிதக்கும் செடிகள் அம்மோனியத்தை நேரடியாக உண்ணும் என்பதால் அவையும் பெரிய துணை.

ஆசிட் துளி ஏன் கூடாது என்பதற்கும் இதே தொடர்ச்சியில் பதில் இருக்கிறது. கேஎச் 14 உள்ள நீரில் ஆசிட் விட்டால் பைகார்பனேட் ஒரே நேரத்தில் கார்பன் டை ஆக்சைடாக மாறும். பிஎச் திடீரென்று விழும். வாயு வெளியேறியதும் மறுநாள் மேலே ஏறிவிடும். கால்சியம் அப்படியே இருக்கும், டிடிஎஸ் குறையாது. மீன் இரண்டு நாளில் இரண்டு வேறு ஆறுகளில் வாழ்ந்த அலைச்சலைப் படும்.

பீட் கட்டாயம்தானா என்று கேட்டால், உங்கள் நிலையில் இல்லை என்பதே என் நேர்மையான பதில். இப்போது கடைகளுக்கு வரும் கார்டினல்களில் பல, பண்ணையில் பிறந்தவை. பிஎச் 7-ஐ ஒட்டிய, நிலையான, ஓரளவு மென்மையான நீரில் அவை நன்றாகவே வாழும். ஆர்ஓ கலந்து கேஎச்சைக் குறைத்துவிட்டு, உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையை 30 லிட்டருக்கு ஒன்று வீதம் போட்டாலே நிறமும் டானினும் கிடைத்துவிடும். வாதுமை இலை கால்சியத்தைப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் நீங்கள் கால்சியத்தை முன்பே நீக்கிவிட்டால் அது ஒரு குறையே இல்லை. தூசி படியும் பெரிய சாலையோர மரத்தடியில் பொறுக்க வேண்டாம். காட்டிலிருந்து பிடித்து வந்த டிஸ்கஸ், ஆல்டம் ஏஞ்சல், சாக்லேட் குராமி போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கும், கார்டினலை முட்டையிட வைக்க முயல்பவர்களுக்கும்தான் பீட் உண்மையில் ஈடில்லாத பொருள். கப்பி, மாலி, பொன்மீன், மலாவி ஏரி சிக்லிட் ஆகியவற்றை இந்த நீருக்குள் கொண்டுவரவே கூடாது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஃபில்டரில் இருக்கும் பீட்டை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். 7.8-இலிருந்து 6.2-க்கு ஒரே நாளில் போகாதீர்கள். பிஎச் இறங்குவதைவிட, உப்புச் செறிவு திடீரென்று குறைவதுதான் மீனை அதிகம் வாட்டும். முதல் நான்கு வாரம், இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு, பீட் போடாத வெறும் ஆர்ஓ நீரைக் குழாய் வழியாக மெல்லச் சொட்டவிடுங்கள். டிடிஎஸ் 900-இலிருந்து 250-ஐ ஒட்டி வந்திருக்கும். கேஎச்சும் 4-ஐ ஒட்டி நிற்கும். அதற்குப் பிறகு டிரம்மில் தயாரித்த நீரை வாரம் இருமுறை 10 லிட்டர் வீதம் சேர்க்கத் தொடங்குங்கள். ஏழாம், எட்டாம் வாரத்தில் பிஎச் இறங்குவது தெரியும். அப்போது ஆண் மீன்கள் துடுப்பை விரித்து ஒன்றையொன்று வட்டமிடுவதைக் காணலாம். விளக்கை ஒரு மணி நேரம் குறைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையும் நீலத்தையும் பாருங்கள்.